பழத்தை முதன்மையாகக் கொண்ட எளிய உணவுக்குக் குடும்பத்தோடு மாறுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கும் எங்கள் வீட்டில் ஐந்து பேர் இருக்கிறோம்: நான், என் மனைவி, 13 வயதிலும் 8 வயதிலும் இரண்டு பிள்ளைகள், நீரிழிவுக்கு மாத்திரை எடுத்துக்கொள்ளும் என் தாயார். சில ஆண்டுகளாக எங்கள் சமையலறையில் பழம் முதல் இடத்துக்கும் சர்க்கரையும் மைதாவும் வாசலுக்கு வெளியேயும் போய்விட்டதைப் பார்த்து, புதுச்சேரியிலும் பண்ருட்டியிலும் உள்ள உறவினர்களும் தெருக்காரர்களும் ஓயாமல் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவன் அல்லன். வீட்டுக்குச் சாமான் வாங்குகிறவன். நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் எதையும் மாற்றுவதற்கு முன் தங்கள் மருத்துவரிடம் பேசிக்கொள்ள வேண்டும்.

பழத்தை முதன்மையாகக் கொண்ட உணவு என்று எதைச் சொல்கிறீர்கள்?

சாப்பாடு முடிந்த பிறகு இலையின் ஓரத்தில் வைக்கும் ஒற்றைப் பழமாக இல்லாமல், ஒரு வேளை உணவாகவே பழத்தை உண்பதைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் காலை உணவின் பெரும்பகுதியும் மாலைச் சிற்றுண்டி முழுவதும் பழம். மற்ற வேளைகளில் தவிடு நீக்காத அரிசி, சிறுதானியம், பருப்பு, கீரை, காய்கறி, எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலை, தேங்காய், எள் ஆகியவை இருக்கும். விளைந்த பொருளைப் பார்த்தால் இன்னதென்று அடையாளம் தெரிய வேண்டும் என்பதே நாங்கள் வைத்திருக்கும் அளவுகோல். கேழ்வரகு மாவு அதில் தேறிவிடும், கேழ்வரகு பிஸ்கட் தேறாது.

பழம் மட்டுமே உண்டு வாழ முடியாதா? சிலர் வாழ்வதாகச் சொல்கிறார்களே?

இந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் நேர்மையான பதில். நாங்கள் ஐவரும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 9,000 கலோரி உண்ண வேண்டியிருக்கிறது. வாழைப்பழத்தைத் தோலோடு ஒரு கிலோ வாங்கினால், தோல் போக உண்ணக் கிடைப்பது ஏறக்குறைய 600 கலோரி. ஆகவே வாழைப்பழத்தை மட்டும் நம்பினால் நாளொன்றுக்கு 15 கிலோ வாங்க வேண்டும். அதே கலோரியை அரிசியிலிருந்து பெற இரண்டரைக் கிலோவுக்குச் சற்று அதிகம் போதும். அந்த 15 கிலோ பழத்தையும் எப்படியோ தின்று தீர்த்துவிட்டாலும் அதிலிருந்து கிடைக்கும் புரதம் 110 கிராம் அளவுதான். உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவை ஒட்டிப் பார்த்தால், எங்கள் குடும்பத்துக்கு 200 கிராமுக்கும் மேல் தேவைப்படுகிறது. பப்பாளி, தர்பூசணி போன்ற நீர்ப்பழங்களை வைத்துக் கணக்கிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும்.

காந்தி 1912இல் தென்னாப்பிரிக்காவின் டால்ஸ்டாய் பண்ணையில் பாலை விட்டுவிட்டு, வாழைப்பழம், பேரீச்சம்பழம், நிலக்கடலை, எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றோடு வாழ்ந்து பார்த்தார். மன உறுதியில் அவரை மிஞ்ச யாரும் இல்லை. ஆயினும் 1918இல் கடும் வயிற்றுக்கடுப்பில் உடல் நலிந்து தேறாமல் கிடந்த பிறகு, தாம் துறந்தது பசும்பாலும் எருமைப்பாலும்தான் என்று தமக்குத் தாமே வழி கண்டு ஆட்டுப்பால் அருந்த வேண்டியதாயிற்று. அந்த விரதத்தின் உயிரைத் தாம் கொன்றுவிட்டோம் என்ற வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. தனி மனிதர் ஒருவர் தம் உடலில் செய்து பார்ப்பது ஒன்று, வளரும் பிள்ளைகளின் தட்டில் செய்து பார்ப்பது வேறு. பின்னதற்கு நமக்கு உரிமை இல்லை என்பது என் கருத்து.

வைட்டமின் பி12 எந்தப் பழத்திலும் இல்லை, தானியத்திலும் கீரையிலும் இல்லை. பால், தயிர், முட்டை, மீன் எல்லாவற்றையும் விடுகிறவர்கள் அதை மாத்திரையாக எடுத்துத்தான் ஆக வேண்டும். குறைபாடு வெளியே தெரிய ஆண்டுக்கணக்கில் ஆகலாம் என்பதால் “எனக்கு ஒன்றும் ஆகவில்லையே” என்பது இதில் சான்றாகாது.

அப்படியானால் எதிலிருந்து தொடங்குவது?

கடைச்சீட்டிலிருந்து தொடங்குங்கள். ஊட்டம் இல்லாததை முதலில் நீக்குவது, ஊட்டம் உள்ளதை நீக்குவதாக இருந்தால் கடைசியில் யோசிப்பது என்ற வரிசையை மாற்றாதீர்கள். பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. உற்சாகத்தில் முதல் நாளே பாலையும் முட்டையையும் நிறுத்திவிட்டு, மாலையில் டீயோடு ரஸ்க்கும் பன்னும் தொடர்கின்றன. புதுச்சேரியில் இருக்கும் என் தங்கை வீட்டில் அப்படித்தான் ஆயிற்று. தெருவுக்குத் தெரு பேக்கரி இருக்கும் ஊரில் அதை விடுவது எளிதில்லை என்பது உண்மைதான்.

எங்கள் வீட்டில் முதல் மாதம் செய்தது ஒன்றே ஒன்று. மாதச் சாமானில் பிஸ்கட், நூடுல்ஸ், குளிர்பானம், சத்து மாவு என்ற பெயரில் பாதி சர்க்கரையாக வரும் டப்பா ஆகியவற்றை எழுதவில்லை. அந்தப் பணத்துக்குப் பழம் வாங்கிக் கூடத்தில், பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்தோம். யாரிடமும் எந்த உபதேசமும் செய்யவில்லை. இரண்டாம் மாதம் காலை இட்லிக்கு முன்னால் ஒரு தட்டுப் பழம் என்று ஆக்கினோம். இட்லியின் எண்ணிக்கை தானாகக் குறைந்தது. வெள்ளை அரிசியை மாற்றத் தொடங்கியது நான்காம் மாதத்தில்தான். அதுவும் முதலில் நான்கில் ஒரு பங்கு கைக்குத்தல் அரிசியைக் கலந்து, சிறுகச் சிறுகக் கூட்டினோம். முழுவதும் மாப்பிள்ளைச் சம்பா என்று ஒரே நாளில் மாற்றிய நண்பர் வீட்டில் அந்த மூட்டை இன்னும் பரணில் இருக்கிறது.

ஒரு நாள் உணவு எப்படி இருக்கும்?

காலையில் இரண்டு பூவன் பழம், ஒரு கிண்ணம் பப்பாளி அல்லது கொய்யா, முந்தின இரவு ஊறவைத்த ஒரு கைப்பிடி மல்லாட்டை. பிள்ளைகளுக்கு அதோடு இரண்டு இட்லியோ, தேங்காய்த்துருவலும் வாழைப்பழமும் பிசைந்த சிவப்பு அவலோ இருக்கும். மதியம் சோறு, பருப்புக் குழம்பு, கீரை, ஒரு பொரியல், மோர். மாலையில் பருவத்தில் கிடைக்கும் பழம், சுண்டல். இரவில் கம்பு அல்லது கேழ்வரகுத் தோசை, சில நாள் வரகு உப்புமா. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர வைட்டமின் சி உதவுகிறது என்பதால் மதியச் சாப்பாட்டோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ ஏதாவதொன்று இருக்கும். டீ அந்தச் சேர்க்கையைத் தடுக்கிறது என்பதால் சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்தே டீ.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 2,000 கலோரி உண்ணும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 கிராம் பழமும் 400 கிராம் காய்கறியும் சொல்கிறது. நாங்கள் உண்ணும் பழம் அதைவிட அதிகம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பழம் கூடிற்று என்பதற்காகக் காய்கறியையும் பருப்பையும் குறைத்தால் இந்த ஏற்பாடு முழுவதும் கவிழ்ந்துவிடும்.

இவ்வளவு பழத்துக்குச் செலவு கட்டுமா?

ஆப்பிள், கிவி, திராட்சை என்று வாங்கினால் நிச்சயமாகக் கட்டாது. பழக்கடையில் பளபளப்பாக அடுக்கியிருப்பவை பெரும்பாலும் குளிர்பதனக் கிடங்கிலிருந்து வருபவை. விலையில் பாதி அந்தப் பயணத்துக்கே போகிறது என்று எனக்குத் தோன்றும். கொய்யா 100 கிராமில் ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி இருக்கிறது, அதை விற்பவரோ பேருந்து நிலைய வாசலில் கூடையோடு உட்கார்ந்திருக்கிறார்.

பருவத்தைப் பின்தொடர்வதே சிக்கனம். பங்குனியில் தொடங்கி ஆனி வரை பலா, சித்திரை வைகாசியில் மாம்பழமும் நுங்கும், ஆனி ஆடியில் நாவல், ஆவணிக்குப் பிறகு சீத்தாப்பழம், விநாயகர் சதுர்த்தியை ஒட்டி விளாம்பழம், மழைக்காலம் முடியும்போது கொய்யாவும் நெல்லியும், தை மாசியில் இலந்தை. வாழையும் பப்பாளியும் ஆண்டு முழுவதும் கைகொடுக்கும். கடலூரை ஒட்டிய செம்மண் கிராமங்களில் வாழை விளைவதால் தாராகவே வாங்க முடிகிறது. மூன்று வீட்டார் சேர்ந்து ஒரு தார் வாங்கிச் சீப்புகளைப் பிரித்துக்கொள்கிறோம். உழவர் சந்தைக்குக் காலை ஏழு மணிக்கு முன்னால் போனால் நல்ல பழம் கிடைக்கும், பான்பரி மார்க்கெட்டில் மாலை கடை கட்டும் நேரத்துக்குப் போனால் நன்கு கனிந்த பழம் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அன்றைக்கே உண்பதாக இருந்தால் இரண்டாவதே மேல். புதுச்சேரிக்காரர்களுக்கு கூபேர் அங்காடி, அதாவது பெரிய மார்க்கெட், இருக்கிறது.

பலாப்பழத்தை வீட்டில் எப்படிச் சமாளிப்பது?

பண்ருட்டிக்கு இவ்வளவு அருகில் இருந்துகொண்டு இந்தக் கேள்வி வருவது எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் இளைய தலைமுறை சுளையை டப்பாவில் பார்த்தே வளர்ந்துவிட்டது. பழைய செய்தித்தாளை விரித்து, கத்தியிலும் உள்ளங்கையிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, பழத்தை நீளவாக்கில் பிளந்து, நடுத்தண்டை முதலில் அரிந்து எடுத்துவிட்டால் பால் ஒட்டுவது பெரும்பாலும் நின்றுவிடும். பிறகு சடையை விலக்கிச் சுளையைப் பிரிக்கலாம். முழுப்பழம் ஒரு குடும்பத்துக்கு அதிகம். எங்கள் தெருவில் ஒரு பழத்தை நான்கு வீடு பங்கிடுகிறது. 100 கிராம் சுளையில் வாழைப்பழத்துக்கு நிகரான 95 கலோரி அளவு இருப்பதால் அது நிஜமாகவே பசியாற்றும். பத்துச் சுளையைத் தின்றுவிட்டு அதற்கு மேல் சோறும் உண்டால் வயிறு மந்தமாவதற்குப் பலாவைப் பழி சொல்லக் கூடாது.

கொட்டையை எறிந்துவிடாதீர்கள். வேகவைத்தோ சுட்டோ உண்ணலாம். முருங்கைக்காயோடு சேர்த்த கொட்டைக் குழம்புக்கு ஈடில்லை. பச்சையாக மட்டும் உண்ணக் கூடாது.

பிள்ளைகளுக்கு இது போதுமா?

இங்கே நான் செய்த தவற்றைச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் இளையவனுக்குக் காலையில் பப்பாளியும் தர்பூசணியும் மட்டும் தட்டு நிறையக் கொடுத்து அனுப்பினோம். தட்டு நிறைந்திருந்தது, வயிறும் நிறைந்திருந்தது, ஆனால் பதினொரு மணிக்குள் வகுப்பில் சோர்ந்து உட்கார்ந்தான். இரண்டு மாதத்தில் எடை ஏறவே இல்லை. சிறு பிள்ளைகளின் வயிறு சிறியது. நீரும் நாரும் நிறைந்த உணவு அதை விரைவில் நிரப்பிவிடும், கலோரி மட்டும் போய்ச் சேராது. வாழைப்பழம், சப்போட்டா, பலா, பேரீச்சை போன்ற அடர்த்தியான பழங்களும், அவற்றோடு தேங்காய், மல்லாட்டை, எள்ளுருண்டை போன்ற கொழுப்பும் புரதமும் உள்ளவையும் சேர்த்த பிறகுதான் சரியாயிற்று. இப்போது மாதம் ஒருமுறை இருவரின் எடையையும் உயரத்தையும் கதவு நிலைக்குப் பின்னால் எழுதிவைக்கிறோம்.

பிள்ளைகளுக்குப் பாலையோ முட்டையையோ நிறுத்த நான் சொல்ல மாட்டேன். நிறுத்தியே தீர்வதென்றால் கால்சியத்துக்குக் கேழ்வரகு வேண்டும். 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது, அதே அளவு பாலில் ஏறக்குறைய 120தான். ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் தவிர வேறெதுவும் தேவையில்லை. ஒரு வயதுக்குள் தேன் தொட்டு வைக்கவே கூடாது. ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு முழு நிலக்கடலையும் முழுத் திராட்சையும் தொண்டையில் சிக்கும் ஆபத்து உண்டு.

பள்ளிக்குக் கொடுத்தனுப்பும் வாழைப்பழம் கறுத்து நசுங்கித் திரும்பி வருவது எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். கொய்யாவை நறுக்கி உப்பும் மிளகாய்த்தூளும் தூவி அனுப்புங்கள். டப்பா காலியாக வரும், பக்கத்துப் பையன் தின்றிருந்தாலும் சரி.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதில் சேரலாமா?

சேரலாம், ஆனால் அவர்களுடைய தட்டு தனி. என் தாயார் ஒரு நாள் காலை, எங்களைப் பார்த்துத் தாமும் இட்லியை விட்டுவிட்டுக் கொஞ்சம் பப்பாளியை மட்டும் உண்டு, வழக்கமான கிளிமிபிரைடு மாத்திரையையும் போட்டுக்கொண்டார். ஒன்பதரை மணிக்கு வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறி உட்கார்ந்துவிட்டார். சர்க்கரை கலந்த தண்ணீர் கொடுத்தபின்தான் தெளிந்தார். சர்க்கரையை வீட்டைவிட்டு விரட்டிய பெருமையில் இருந்த நான், எதிர் வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு டம்ளரில் சர்க்கரை வாங்கி வந்தேன். அன்றிலிருந்து ஒரு சிறு டப்பா குளுக்கோஸ் அலமாரியில் இருக்கிறது. இந்த வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் உணவைக் குறைத்தால் மருந்தின் அளவையும் மருத்துவர் மாற்றியமைக்க வேண்டியிருக்கும். அதை முன்கூட்டியே கேட்காதது என் பிழை.

இப்போது அவருக்கு ஒரு வேளைக்கு ஒரு சிறு கிண்ணம் மட்டும். கொய்யா, நாவல், பப்பாளி, நெல்லி முதலியவை அடிக்கடியும் மாம்பழமும் பலாவும் ஓரிரு துண்டு எப்போதாவதும். பழத்தைச் சோற்றுக்கு மேல் உண்ணாமல் தனி வேளையில், சில மல்லாட்டையோடு உண்கிறார். விரலில் குத்திப் பார்க்கும் கருவியில் இரண்டு மணி நேரம் கழித்து வரும் எண்ணே எந்தப் பழம் அவருக்கு ஒத்துக்கொள்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறது.

வேறு யார் விலகி நிற்க வேண்டும்?

சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு வாழைப்பழம், பலா, இளநீர் ஆகியவற்றின் பொட்டாசியம் இதயத்தையே பாதிக்கும் அளவுக்கு இரத்தத்தில் சேரக்கூடும். நட்சத்திரப் பழம் அவர்களுக்கு நஞ்சு. கர்ப்பிணிகள் புதிய கட்டுப்பாடு எதையும் தொடங்க வேண்டாம், இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டக் கூடாது.

பழச்சாறாகக் குடித்தால் எளிதல்லவா?

எளிதுதான், அதுவே அதன் குறை. நான்கு சாத்துக்குடியை உரித்துத் தின்னக் கால் மணி நேரம் ஆகும். சாறாக இரண்டு நிமிடத்தில் உள்ளே போய்விடும், நார் வடிகட்டியில் நின்றுவிடும். உலக சுகாதார நிறுவனம் பழச்சாற்றின் இனிப்பையும் தேனையும் சேர்த்த சர்க்கரையின் கணக்கிலேயே வைக்கிறது, முழுப்பழத்தின் இனிப்பை அதில் வைக்கவில்லை.

கல் வைத்துப் பழுக்கவைத்த பழத்துக்கு அஞ்ச வேண்டாமா?

கால்சியம் கார்பைடு கல் கொண்டு பழுக்கவைப்பது சட்டப்படி தடைசெய்யப்பட்டது. அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கக்கூடும். எத்திலீன் வாயுவைக் குறிப்பிட்ட அளவுக்குள் பயன்படுத்த அனுமதி உண்டு, அது பழம் தானாகவே வெளியிடும் வாயுதான். நம் ஊரில் வாழைத்தாருக்கு மூட்டம் போடுவதும் புகையில் இருக்கும் எத்திலீனை நம்பித்தான். மாம்பழம் எங்கும் ஒரே சீரான மஞ்சளாக இருந்து காம்பருகே மணம் இல்லாமலிருந்தால் நான் வாங்குவதில்லை. செங்காயாக வாங்கி அரிசிப் பானையிலோ வைக்கோலிலோ, கனிந்த வாழைப்பழம் ஒன்றையும் கூட வைத்துப் பழுக்கவைத்தால் இந்தக் கவலையே இல்லை. எதையும் நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு நறுக்குங்கள்.

பழம் சளி பிடிக்கும் என்று பெரியவர்கள் தடுக்கிறார்களே?

சளி கிருமியால் வருகிறது. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு கொடுத்துவிட்டு, தொண்டை கரகரத்ததும் வாழைப்பழத்தின் மேல் பழி போடுகிறோம். இதை என் தாயாரிடம் வாதாடி நான் வென்றதில்லை. மார்கழி மாதம் அவர் எதிரில் பிள்ளைகள் பழத்தை வெயிலில் உட்கார்ந்து உண்கிறார்கள் என்ற உடன்பாட்டோடு இரு தரப்பும் நிம்மதியாக இருக்கிறது.

வயிறு உப்புசமாகிறது, என்ன செய்வது?

நாரைத் திடீரென்று கூட்டியதால் வருவது அது. அளவைப் பாதியாக்கி, தண்ணீரைக் கூட்டி, மூன்று நான்கு வாரத்தில் மெல்ல ஏற்றுங்கள். புளிப்புப் பழம் உண்டதும் பல் துலக்காதீர்கள். வாய் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் பொறுத்தால் எனாமல் தேயாது.

மீனை விட வேண்டுமா?

துறைமுகத்துக்கு இரண்டு கிலோமீட்டரில் வாழும் குடும்பங்களிடம் இதைக் கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும். உடல்நலக் கணக்கில் மத்தி மீன் குழம்பை விடச் சொல்ல எனக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. பொரிக்கும் எண்ணெயைக் குறைத்தால் போதும். அருள்நெறியால் விடுவது வேறு. வள்ளலார் 1867இல் அடுப்பு மூட்டிய வடலூர் தருமசாலை எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. புலால் மறுத்து அந்த வழியில் நடக்கும் குடும்பங்கள் இங்கே பல. அவர்கள் அதை ஊட்டச்சத்துக் கணக்காகப் பேசுவதில்லை, நானும் இரண்டையும் குழப்புவதில்லை.

விருந்து, விசேஷம் வந்தால்?

உண்ணுங்கள். தீபாவளிக்கு மாமியார் சுட்டனுப்பிய அதிரசத்தைத் திருப்பி அனுப்பி உறவைக் கெடுத்துக்கொள்ளும் அளவுக்கு எந்த உணவு முறையும் பெரிதில்லை. மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் பிள்ளைகள் கேட்டதை வாங்கித் தருகிறோம். வீட்டுக்கு வருகிறவர்களுக்குத்தான் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறோம்: இனிப்புப் பெட்டிக்குப் பதிலாக ஒரு சீப்பு வாழைப்பழம். வெற்றிலை பாக்கோடு பழம் கொண்டு போகும் வழக்கம் நமக்குப் புதிதில்லை என்பதால் யாரும் முகம் சுளிக்கவில்லை.

மழைக்காலத்தில் பழம் கிடைக்காவிட்டால்?

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வரத்து குறையும், வாழை சாய்ந்தால் விலை ஏறும். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்ததைப் பார்த்தவர்கள், பழத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த நினைக்க மாட்டார்கள். அந்த இரண்டு மாதங்களுக்கு வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும் சுண்டலும் மாலை வேளையை ஏற்றுக்கொள்ளும். நெல்லிக்காயைக் கோடையிலேயே உப்பில் ஊறப்போட முடியாது, தை மாதத்தில் வாங்கி நறுக்கிக் காயவைத்தால் அடுத்த மழை வரை வரும். பலாக்கொட்டையைச் செம்மண் குழம்பில் புரட்டி நிழலில் உலர்த்திப் பானையில் போட்டு வைப்பது பாட்டி காலத்து முறை. வைகாசியில் அப்படி வைத்ததைக் கார்த்திகை மழையில் எடுத்துக் கழுவிக் குழம்பு வைக்கிறோம்.